இரண்டு தலைப் பன்றி குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

சா ஹுயின்,
இரண்டாம் மாதத் தேய்பிறை

மேன்மை பொருந்திய சம்பந்தி திரு. வின் அவர்களின் சமூகத்திற்கு, தொவான் கியெம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் துணைவியாரும், மகள் யென்னும், கூண்டுகளில் வளரும் தங்கள் சிங்கி இறால்களும் உடல்நலத்தோடு நீடூழி வாழ என் முன்னோர்களை வேண்டிக்கொள்கிறேன். என் முன்னோர்களைத்தான். வேறு யாருடைய முன்னோர்களையும் இனி நான் தொந்தரவு செய்வதாக இல்லை. அதன் காரணம் கீழே வரும். இங்கே எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. சம்பந்தி என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "இனிமே சம்பந்தி கிம்பந்தின்னு யாராவது இந்தப் பக்கம் வந்தீங்க, அவ்வளவுதான்" என்று கேட்டைச் சாத்தும்போது தாங்கள் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'இறால் வளர்ப்பவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்துப் பார்த்தேன், வியாபாரக் கடிதம் மாதிரி இருந்தது.

தாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். நிச்சயதார்த்தச் சீரில் வந்த பன்றிக்கு ஏன் இரண்டு தலை? நியாயமான கேள்வி. யார் வீட்டுக்கு அப்படி ஒரு பன்றி வந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். "சம்பந்தி, அது ஒரு பெரிய கதை" என்று நான் ஆரம்பித்தேன். தாங்கள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டீர்கள். ஆகவே அந்தப் பெரிய கதையை எழுதி அனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டுத் தாங்கள் என்ன சொல்கிறீர்களோ அதில்தான் என் மகன் லுவானுக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்பது இருக்கிறது. பையன் ஊர் திரும்பியதிலிருந்து சோற்றில் மீன்சாற்றை ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் நாங்கள் ஏன் பைக்கில் வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "ஏங்க, ஒரு வேன் பிடிச்சா எல்லாரும் ஒண்ணா போய் இறங்கிடலாம், பன்னியை அங்கேயே சோங் காவ் சந்தையில சுடச்சுட வாங்கிக்கலாம்" என்று என் மனைவி லாய் சொன்னது உண்மை. நான் மறுத்ததும் உண்மை. நெடுஞ்சாலைப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவன் நான். ஓட்டுநர்களைப் பற்றி எனக்கு உள்ளும் புறமும் தெரியும், அதனால் இன்னொருவன் ஓட்டும் வண்டியில் உயிருள்ளவரை ஏற மாட்டேன். பன்றி விஷயம் வேறு. சா ஹுயின் உப்பில் ஊறி, விடிய விடிய நெருப்பில் சுழன்ற பன்றிக்கும் சந்தைப் பன்றிக்கும் உள்ள வித்தியாசம் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆகவே இருட்டு விலகுவதற்குள் கிளம்பினோம். முன்னால் நான், வெற்றிலை பாக்கும் அரிசி மதுவும் வைத்த தட்டோடு. அடுத்து என் மைத்துனன் காங், முதுகோடு முதுகாகப் பன்றியைக் கட்டிக்கொண்டு; பன்றிக்கும் ஆள் மாதிரி மழைக்கோட்டு, ஹெல்மெட். அவனுக்குப் பின்னால் என் அண்ணன் மகன்கள் பழத்தோடும் பலகாரத்தோடும். கடைசியில் லுவானும் அவன் அம்மாவும். பதினோரு மணிக்குப் பாம்பு நேரம் முடிவதற்குள் தங்கள் வாசலில் நிற்க வேண்டும். அது போனால் குதிரை நேரம். எலி வருடத்தில் பிறந்த லுவானுக்குக் குதிரை ஆகவே ஆகாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

சடங்குக்கான நீல நிற நீள அங்கியை வழியிலேயே போட்டுக்கொண்டது என் முதல் தவறு. "பையில வைங்க, அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்றாள் லாய். கசங்கிவிடும் என்றேன். தாம் குவான் தென்னந்தோப்புகளைத் தாண்டுவதற்குள் அங்கியின் பின்பக்கம் சங்கிலியில் மாட்டி, இடுப்புவரை கிழிந்து, வண்டி அதை மென்று தின்றுவிட்டது. தங்கள் வாசலில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்ததற்கு இதுதான் காரணம். தாங்கள் அதைக் குடியின் அறிகுறி என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவும்.

டே ஜீ பக்கம் சாலையில் பாதியளவு நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். காங் பிரேக் பிடித்தான், பன்றி பிடிக்கவில்லை. வண்டி நெத்திலிமேல் வழுக்கிக்கொண்டே போக, ஓரத்தில் கூம்புத் தொப்பியோடு நின்ற அம்மாள் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். "டேய், ரெண்டு பேரும் எறங்குங்கடா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" காங் மட்டும் இறங்கினான். "அவனையும் எறங்கச் சொல்லு! பெரிய மனுஷனாட்டம் உக்காந்திருக்கான் பாரு!" என்று அவள் பன்றிக்கு ஒன்று வைத்தாள். மழைக்கோட்டுக்குள்ளே மொறுமொறுப்பான தோல் ஒரு சில்லு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அதை எடுத்து முகர்ந்தவள், வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா சுட்டிருக்கீங்க. போங்க, போங்க" என்று வழிவிட்டாள். பன்றியின் இடது தோளில் இருந்த ஓட்டைக்கு இதுவே வரலாறு.

கடல்காற்றில் தோல் நமத்துவிடக் கூடாதே என்று பன்றிக்கு மழைக்கோட்டு போட்டிருந்தோம். மழைக்கோட்டு பறக்காமலிருக்க ஹெல்மெட் போட்டிருந்தோம். க்வி நோன் நகருக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சின்ன வயது, மரியாதையான பையன். காங்கிடம், "அண்ணே, பின்னால இருக்கவருக்கு உடம்பு சரியில்லையா? ஆளு அசையவே மாட்டேங்குறாரே" என்று கேட்டான். "விடிய விடிய அடுப்புல இருந்தாரு சார், களைப்பு" என்றான் காங். போலீஸ்காரன் சுற்றிக்கொண்டு வந்து முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் குனிந்து, பன்றியின் தாடைக்குக் கீழே தொங்கிய பட்டையைச் சரியாக மாட்டிவிட்டு, "கல்யாணமா? சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றான். இந்த நாட்டில் இன்னும் நல்ல பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

க்வி நோனுக்குத் தெற்கே கடலோர மலைப்பாதையில் காற்று பிடித்துக்கொண்டது. பன்றியின் மழைக்கோட்டு கப்பல் பாய் மாதிரி விரிந்து, காங்கின் வண்டி சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் படகோட்டிக்கொண்டு போனது. "மாமா, நான் ஓட்டலை! இதுதான் ஓட்டுது!" என்று அவன் கத்தினான். சிரிக்கக்கூடாது என்று நினைத்தாலும் சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கீழே நீலமாகக் கடல், மகனுக்கு நிச்சயம், முன்னால் நான். அந்தச் சந்தோஷத்தில் பின்னால் லுவானின் வண்டி டயர் பஞ்சரானதை நான் கவனிக்கவில்லை. அவன் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். வண்டி ஓட்டும்போது நான் கைபேசியைத் தொடுவதில்லை. காங் மட்டும் பக்கத்தில் வந்து, "மாமா, அக்காவைக் காணோம்" என்றான். "நேரம் காத்திருக்காது. நம்ம முதல்ல போய் அனுமதி கேட்போம். மாப்பிள்ளை பின்னாலேயே வரட்டும்" என்றேன். இதில் ஏதாவது தப்பிருக்கிறதா, தாங்களே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க லாயும் லுவானும் வந்தபோது நான் சிறுநீரகக் கல்லோடு படுக்கையில் கிடந்தேன். தங்களையும் யென்னையும் நேரில் பார்த்ததில்லை. கைபேசியில் குரல்தான் கேட்டிருக்கிறேன். "கடற்கரைச் சந்து, ஓலை வளைவு, நீலக் கேட்டு" என்று லாய் அடையாளம் சொல்லியிருந்தாள். அடையாளம் சரிதான். ஆனால் தங்கள் ஊரில் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை எல்லோரும் கேட்டில் அடித்து வைத்திருக்கிறீர்கள். தங்கள் கரைக்கு நாள் பார்த்துக் கொடுக்கும் ஜோசியரும் ஒருவர்தான் போலிருக்கிறது, எல்லோருக்கும் ஒரே நாள். முதல் சந்தில் திரும்பினேன்: ஓலை வளைவு, நீலக் கேட்டு, சிவப்புத் துணி, வாசலில் வரிசையாகப் பெண்கள். கைபேசியில் கேட்டதைப் போலவே கரகரத்த குரலில் ஒருவர், "வாங்க, வாங்க! நேரம் போகுதேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம். மாப்பிள்ளை எங்க?" என்றார். "டயர் பஞ்சர். பின்னாடியே வந்துக்கிட்டிருக்கான்." "சரி சரி. பேச வர்ற பெரியவர் நீங்கதானே?" "நானேதான்." சம்பந்தி, இதில் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அவர் பெயர் ஃபூ என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர்கள் வீட்டு மாப்பிள்ளையின் தரப்பில் பேசுவதற்கு, அதுவரை பார்த்திராத ஒரு பெரியப்பா வருவதாக ஏற்பாடாம்.

என் பேச்சு பிரமாதமாக அமைந்தது. தாங்கள் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. முறைப்படி பெயர்களைச் சொல்லாமல், 'எங்கள் பையன்', 'தங்கள் இல்லத்துப் பெண்' என்றே கடைசிவரை கொண்டுபோனேன். ஃபூவின் அக்கா அங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டுகள் கைமாறின. சுறுசுறுப்பான பெண்கள் பன்றியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லை, நேரமோ ஓடுகிறது, 'பெரியவர் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்' என்றார்கள். நான் ஊதுபத்தி ஏற்றி, அவர்கள் முன்னோர் பீடத்தின் முன்னால் குனிந்து, "என் மகன் லுவானை இந்த வீட்டு மருமகனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று மனதுக்குள் விண்ணப்பித்தேன். படத்திலிருந்தவர்களில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. பிறகு பெண்ணை அறையிலிருந்து அழைத்தார்கள். வந்தாள். நல்ல உயரமான பெண். என்னைப் பார்த்தாள், காங்கைப் பார்த்தாள், என் அண்ணன் மகன்களைப் பார்த்தாள்.

"அப்பா, யாருப்பா இவங்க?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கம்மா."

"எந்த மாப்பிள்ளை?"

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு கார் நிறையச் சிவப்புத் தட்டுகளோடு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அந்தக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு என் மகன். அவனுக்குப் பின்னால் என் மனைவி. ஊரே கேட்கும்படி அவள் சொன்னாள்: "ஏங்க! நம்ம வீடு அடுத்த சந்துங்க!"

ஃபூ நல்ல மனிதர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்த மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்ப இருந்தேன். ஃபூவின் அக்காதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் சரிங்க. எங்க பாட்டன் முப்பாட்டன்கிட்ட உங்க புள்ளையை ஒப்படைச்சுட்டீங்களே, அதை யாரு திருப்பி வாங்குறது? ரெண்டு மருமகனை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?" மறுபடி ஊதுபத்தி ஏற்றி, "வீடு மாறி வந்துவிட்டேன், என் மகனைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்" என்று வேண்டிக்கொண்டேன். சம்மதமா என்று தெரிய வேண்டுமே. தட்டில் இரண்டு காசைச் சுண்டிப் போட்டார் ஃபூ. ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் சம்மதம். இரண்டும் பூ விழுந்தது. மறுபடி போட்டார். இரண்டும் தலை. இன்னொரு தடவை, மறுபடியும் பூ. "உங்க பையனை அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு" என்றாள் அக்கா. அந்த வீட்டு மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண்ணோ லுவானை ஒருமுறை மேலும் கீழும் பார்த்ததை நான் கவனித்தேன். அதைத் தங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம். பாம்பு நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் லுவானே கிரீஸ் கையோடு பீடத்தின் முன்னால் மண்டியிட்டான். கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவன்; அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று பெற்றவன் நானே நினைக்கவில்லை. "தாத்தா, மன்னிச்சுடுங்க. எனக்கு யென்னைத்தான் புடிக்கும். அவ அடுத்த சந்துல எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. என்னை விட்டுடுங்க." ஃபூ காசைச் சுண்டினார். ஒன்று பூ, ஒன்று தலை. வீடே கைதட்டியது.

மற்ற தட்டுகளை அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். இனி பன்றி. பெண் வீட்டார் பன்றியை வெட்டிப் பாதியைத் திருப்பித் தருவது வழக்கம் அல்லவா? நாங்கள் காசு சுண்டிக்கொண்டிருந்தபோது சமையல்கட்டில் வெட்டி, பின்பாதியை அரிசித் தாளில் சுருட்டி விருந்தாளிகளுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். வால் ஃபூவின் தம்பியின் மதுக்கோப்பைக்குத் துணையாகப் போனது. மிச்சம் முன்பாதி. பரிதாபப்பட்டு, அந்த வீட்டு உண்மையான மாப்பிள்ளையின் அப்பா அவர்கள் கொண்டுவந்த பன்றியையும் நடுவில் வெட்டி, "மரியாதைன்னா தலைப்பக்கம்தான்" என்று முன்பாதியை எடுத்து நீட்டினார். "மாமா, பின்பக்கமா கேட்டு வாங்குங்க" என்று காங் என் விலாவில் இடித்தான். கொடுக்கிறவரிடம் அந்தப் பக்கம் வேண்டும், இந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பது அழகா? வாங்கிக்கொண்டேன். இரண்டையும் வயிற்றோடு வயிறு சேர்த்துத் தட்டில் வைத்துச் சிவப்புத் துணியைப் போர்த்தினோம். "ரெண்டு பக்கமும் மூக்கு துருத்திக்கிட்டு நிக்குதுங்க" என்றாள் லாய். "யாரு தூக்கிப் பார்க்கப் போறா?" என்றேன்.

தாங்கள் தூக்கிப் பார்த்தீர்கள்.

"தலை ரெண்டு இருக்கு, வாலைக் காணோம். ஆரம்பிக்கிறது ரெண்டு தடவை, முடிக்கிறது ஒரு தடவைகூட இல்ல. என் பொண்ணை வச்சு விளையாடுறீங்களா?" என்று தாங்கள் கேட்டீர்கள். தலையும் வாலும் இருந்தால்தான் அது முழு மனதோடு வந்த சீர் என்பது எனக்குத் தெரியாததா? ஜன்னலுக்குப் பின்னால் யென் நின்றுகொண்டு லுவானையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. குதிரை நேரம் பிறந்தது. திரும்பி வரும்போது கடல் வலது பக்கம் இருந்தது. அதைப் பார்த்தபடி எல்லோரும் வந்தோம்.

சம்பந்தி அவர்களே, நடந்தது முழுக்க என் முந்திரிக்கொட்டைத்தனம். பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. விட மறுத்த முன்னோர்களிடமே மண்டியிட்டுத் தங்கள் மகள் பெயரைச் சொன்னவன் அவன். பழைய பன்றியின் குறையை நீக்க, இத்துடன் வாழையிலையில் சுற்றி ஒரு வால் அனுப்பியிருக்கிறேன். நல்ல வால், நானே தேர்ந்தெடுத்தது. இதைப் பெற்றுக்கொண்டு இன்னொரு நாள் குறித்துத் தர வேண்டும் என்று தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வலைகள் கிழியாதிருக்கவும், புயல் தங்கள் கூண்டுகளைத் தொடாமல் திசை மாறிப் போகவும் வேண்டுகிறேன்; தங்கள் துணைவியாருக்கு என் மனைவியின் வணக்கமும், யென்னுக்கு எங்கள் இருவரின் ஆசியும் உரித்தாகுக.

தங்கள் பணிவுள்ள,
தொவான் கியெம்

பி.கு.: மடலுக்குப் பசை தடவும்போது லாய் வந்து பிடுங்கிப் படித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, அவரு பன்னிக்காகவா கேட்டைச் சாத்துனாரு?"

அவளும் தங்கள் துணைவியாரும் அன்று மாலையிலிருந்தே கைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அடுத்த மாத வளர்பிறையில் நாள்கூடக் குறித்தாகிவிட்டதாம். லுவானுக்கு இன்று காலைதான் சொன்னார்களாம். மத்தியானம் அவன் மூன்றாம் முறை சோறு கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நமக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. நிச்சயத்தன்று விடியற்காலையிலேயே படகை எடுத்துக்கொண்டு கூண்டுகளுக்குப் போய்விட்டீர்களாமே. ஆள் அனுப்பித்தான் கூட்டி வந்தார்களாமே. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தீர்களாமே. துணியைத் தூக்கி அந்த இரண்டு தலையைப் பார்த்ததும், "அவரு முகத்துல அப்படியொரு நிம்மதி வந்துச்சு, பாவம்" என்று தங்கள் துணைவியார் சொன்னாராம். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய், "இன்னிக்கு இல்ல, இன்னிக்கு இல்ல" என்று மகளின் தலையைத் தடவிக்கொடுத்தீர்களாம்.

நானும் முதலில் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் வீண். வாலைத் தாங்களே வறுத்துச் சாப்பிடுங்கள். யென்னுக்குப் பைக் ஓட்ட நன்றாக வருமாம். என் வண்டிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தங்கள் ஞாபகம் வரும் நாளெல்லாம் விடியலில் அவள் கிளம்பட்டும், லுவான் பின்னால் உட்காரட்டும், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார்கள். வின், அழ வேண்டுமென்றால் தாராளமாக அழுங்கள்; அதற்குப் பன்றி எதற்கு? கேட்டை மட்டும் திறந்து வையுங்கள்.